பாங்கு சொல்லும் நாவும் பாட்டை விரும்பும் செவியும்



சேத்தியாத்தோப்பை ஒட்டிய ஒரு மஹல்லாவின் பள்ளிவாசலில் கடந்த மூன்று மாதங்களாக லுஹர் நேரத்துப் பாங்கை மனிதர் எவரும் சொல்வதில்லை. கைப்பேசியில் பதிவாகியிருக்கும் மக்கா ஹரமின் பாங்கை ஒலிவாங்கிக்கு முன்னே பிடிக்கிறார்கள். மோதினார் முதியவர், பகல் வேளையில் அவரால் வர இயலவில்லை. அவருக்குப் பதிலாக ஒன்றரை ஆண்டு காலம் ஊதியம் ஏதுமின்றி அப்பணியைச் செய்துவந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரை நிர்வாகம் விலக்கிவிட்டது. அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் இதுதான்: அவர் ஸ்பானிய மொழிப் பாடல்களை விரும்பிக் கேட்கிறார், வாரம் ஒரு பாடலைத் தமிழில் அறிமுகம் செய்து, வானொலி அறிவிப்பாளரைப் போலப் பேசிப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்புகிறார், எதிர்காலத்தில் வானொலி அறிவிப்பாளராகவே ஆக வேண்டும் என்கிறார்.

அவர் என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர். விலக்குவதென்று முடிவெடுத்த அவையில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்குரிய கஃப்பாராவாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இசைக் கருவிகளைப் பொறுத்தவரை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தடையின் பக்கமே நிற்கிறார்கள். ஹனஃபியாகிய நானும் அவ்வழியையே பின்பற்றுகிறேன். என் வீட்டில் பாட்டு ஒலிப்பதில்லை. ஆனால் "இதில் கருத்து வேறுபாடே கிடையாது" என்று அன்றிரவு ஒரு பெரியவர் அறுதியிட்டுக் கூறியது உண்மையன்று. அந்தலூசிய மேதை இப்னு ஹஸ்ம் (ரஹ்), தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அறிவிப்புகளை ஏற்கவில்லை. இமாம் ஃகஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பாடம் ஒதுக்கி, கேட்டல் தன்னளவில் விலக்கப்பட்டதன்று என்றும், மதுக்கூடத்துக்கே உரிய கருவிகள், இழிந்த சொற்கள், கேட்பவனின் மனநிலை ஆகியவையே அதை விலக்கத்தக்கதாக்குகின்றன என்றும் விரித்துரைத்தார். நம் மத்ஹபைச் சேர்ந்த திமிஷ்க் நகரத்து அப்துல் ஃகனீ அந்நாபுலுஸி (ரஹ்) கருவி இசையைக் கேட்பது குறித்துத் தனி நூலே எழுதினார். இவர்களுடைய கருத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும் இவர்கள் வழிகெட்டவர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அந்தப் பெரியவருக்கும் இருக்காது என நம்புகிறேன். அறிஞர்கள் வேறுபட்ட ஒரு விஷயத்தில் ஒரு சிறுவனை ஃபாஸிக் என்று முத்திரை குத்த நமக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

ஃபாஸிக்கின் பாங்கு மக்ரூஹ் என்ற சட்டத்தை அன்று ஒருவர் எடுத்துக்காட்டினார். சட்டம் சரியே. அந்த அளவுகோலை அவையில் இருந்த அனைவர்மீதும் வைத்துப் பார்ப்போமா? கைக்கூலி வாங்காமல் மகனுக்கு நிகாஹ் முடித்தவர் எத்தனை பேர்? உடன்பிறந்த சகோதரிக்கு அத்தாவின் நிலத்தில் குர்ஆன் வகுத்த பங்கைப் பிரித்துக் கொடுத்தவர் எத்தனை பேர்? இவற்றில் கருத்து வேறுபாடு கொண்ட இமாம் ஒருவரும் இல்லையே! எனினும் அவர்களில் எவரும் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இனி, அந்த இளைஞர் எதை நேசிக்கிறார் என்பதைக் கேட்டறியலாம் என்று அவரை அழைத்துப் பேசினேன். அவர் இரண்டு பென்சில்களை எடுத்து மேசையில் தட்டிக் காட்டினார். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு. இந்த ஐந்து தட்டுகளின்மேல்தான் ஸால்ஸா என்னும் இசை முழுவதும் நிற்கிறதாம்; தட்டும் கட்டைகளுக்குக் 'கிளாவே' என்று பெயராம். கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் முழவொலியும், ஸ்பானியர் கொண்டுவந்த நரம்புக் கருவிகளும் கலந்து உருவான இசை, பின்னர் கியூபாவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் நியூயார்க்கில் குடியேறிய ஏழைகளின் தெருக்களில் இப்பெயரைப் பெற்றது. 1964இல் அங்கே தொடங்கப்பட்ட ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது என்று அவர் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. கப்பல்களில் கொண்டுவரப்பட்டோருள் கலிமா சொன்னவர்களும் இருந்தார்கள் என்பதை நான் அவருக்குச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கியூபாவின் நாட்டுப்புறப் பாடல்களில் 'லாவூத்' என்றொரு கருவி இன்றும் வாசிக்கப்படுகிறது. நம் அரபியின் 'அல்ஊத்' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது 822இல், ஸிர்யாப் என்னும் இசைவாணர் குர்துபாவை அடைந்து அமீர் இரண்டாம் அப்துர்ரஹ்மானின் ஆதரவைப் பெற்றது வரலாறு. முஸ்லிம் கை பட்டதால் ஒன்று ஹலாலாகிவிடாது. அவ்வாறு நான் வாதிடவில்லை. "எங்கிருந்தோ வந்த காஃபிர்களின் கூச்சல்" என்று அன்று சொல்லப்பட்டதே, அது அறியாமை என்று மட்டுமே சொல்கிறேன்.

எங்கிருந்தோ வந்ததா? அப்படிச் சொன்ன பெரியவரின் கடையில் இரவு பத்து மணிக்குப் பழைய பாடல்கள் ஒலிப்பதை ஊரே அறியும். 1964இல் வெளிவந்த 'புதிய பறவை' படத்தின் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' அவருக்கு மிக விருப்பமானது. மெக்சிகோவில் 1953இல் பிறந்து, ஆங்கிலத்திலும் பாடப்பட்டு உலகம் சுற்றிய ஒரு மெட்டின் சாயலில் அமைந்தது அப்பாடல் என்று இசையறிந்தோர் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். போங்கோவும் மராக்காவும் நம் தமிழ்த் திரைப்பாடல்களில் ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. இலங்கையின் பைலா இசை போர்த்துகீசியரோடு வந்தது. அச்சொல்லே அவர்கள் மொழியில் ஆடுதலைக் குறிப்பது. 'சுராங்கனி' பாடாத கல்யாண வீடு ஒரு காலத்தில் உண்டா? நம் ஊரைக் கடந்து செல்லும் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக்கு அதே போர்த்துகீசியர் வழியாகத்தான் போர்ட்டோ நோவோ என்ற பெயரும் வந்தது. தமிழில் ஒலித்தால் இனிமை, ஸ்பானிய மொழியில் ஒலித்தால் ஷைத்தான் என்பது எந்த ஃபிக்ஹு நூலில் உள்ளது?

அறிவிப்பாளர் ஆக விரும்புவது இழிவு என்றார்களே, அதற்கு வருகிறேன். என் சிறுவயதில் எங்கள் வீட்டில் இலங்கை வானொலி ஒலிக்காத காலை கிடையாது. அப்போது அத்தா ஓதி முடித்து முஸ்ஹஃபை மூடியபின் பெட்டியைத் திருகுவார். 'பொங்கும் பூம்புனல்' வரும். இந்திய அரசு வானொலி 1952இல் திரைப்பாடல்களை ஏறத்தாழ ஒதுக்கிவைத்தபோது, நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். அவ்வாண்டில்தான் அமீன் சயானி என்ற முஸ்லிம் இளைஞர் 'பினாக்கா கீத்மாலா'வைத் தொடங்கினார். பம்பாயில் பதிவாகும் நாடாக்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு அங்கிருந்து ஒலிபரப்பாயின. பிரிந்த நேயர்களை மீட்பதற்காக விவித பாரதியை 1957 அக்டோபரில் அரசே தொடங்க நேர்ந்தது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மரணமடையும்வரை பாட்டும் குரலுமே அவருடைய வாழ்வாக இருந்தன.

தமிழில் நம் நினைவுக்கு வருபவர் பி. எச். அப்துல் ஹமீத். கொழும்பு வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியில் தொடங்கி அறுபது ஆண்டுகளை நெருங்கும் பயணம் அவருடையது. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் ஓர் எழுத்தைக் கொடுப்பார். போட்டியாளர் அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலைப் பாட வேண்டும். சொல் பிறழ்ந்தால் அவர் விடமாட்டார். மறந்துபோன படங்களின் பாடல் வரிகளும் அவர் நினைவில் இருந்தன. லகர, ளகர, ழகரங்களை அவர் ஒலித்த விதத்தைக் கேட்டே எங்கள் தலைமுறையில் பலர் தமிழை ஒழுங்காகப் பேசக் கற்றோம். அவரை 'நம்மவர்' என்று சொல்லிப் பெருமைப்படாத தமிழ் முஸ்லிம் வீடு அரிது. அவ்வாழ்நாள் முழுவதும் அவர் அறிமுகம் செய்தவை பெரும்பாலும் திரைப்பாடல்களே. புகழ் பெற்றுவிட்டவரை நம்மவர் என்று சொந்தம் கொண்டாடுவதும், அதே வழியில் முதல் அடி வைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளையைப் பள்ளிவாசலின் கடைசி வரிசைக்குத் தள்ளுவதும் எந்த நியாயத்தின்பாற்பட்டவை?

எங்கள் தரப்பாகிய உஸ்தாதுகளைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் மக்ரஜ் திருத்துகிறோம்; ஆனால் எத்தனை பேர் ஜும்ஆ பயானுக்கு ஓர் இரவாவது உட்கார்ந்து ஆயத்தம் செய்கிறோம்? அந்த இளைஞர் அரை மணி நேரப் பதிவுக்காக மூன்று நாள் படிக்கிறார். எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய அவருடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாயிருந்தது.

அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் செய்தியை நாம் மக்தபில் சொல்லிக்கொடுக்கிறோம். ஹுனைனிலிருந்து திரும்பும் வழியில் பாங்கைக் கேலி செய்து கத்திய இளைஞர் கூட்டத்தில் ஒருவர் அவர்; அப்போது அவர் முஸ்லிமாகவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் அக்கூட்டத்தை அழைத்து, உயர்ந்து ஒலித்த குரல் யாருடையது என்று விசாரித்தார்கள். அனைவரும் அவரைச் சுட்டிக்காட்டினர். தண்டனை தரவில்லை, பாங்கின் சொற்களைத் தாமே கற்றுக்கொடுத்தார்கள், வெள்ளி கொண்ட ஒரு பையை அளித்தார்கள், தம் கரத்தால் அவருடைய நெற்றியையும் நெஞ்சையும் தடவினார்கள், மக்காவின் முஅத்தினாக நியமித்தார்கள். பாங்கையே பரிகசித்த குரலை அண்ணலார் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். நாம் ஒன்றரை ஆண்டு பாங்கு சொன்ன குரலை வெளியே அனுப்பியிருக்கிறோம். பதிவு செய்த பாங்கு பாங்காகாது என்பதே உலமாக்கள் பெரும்பாலோரின் கருத்து என்பதை நிர்வாகத்தினர் அறிவார்களா? பாட்டு ஒலித்த கைப்பேசி கூடாதென்று அதே கைப்பேசியைத்தான் ஒலிவாங்கியின் முன்னே நிறுத்தியிருக்கிறோம்.

அவரிடம் நான் இரண்டு நிபந்தனைகளை வைத்தேன். மதுவையும் விபசாரத்தையும் போற்றும் வரிகள் உள்ள பாடலை, மொழி புரியாது என்ற சாக்கில் அறிமுகம் செய்யக்கூடாது. பொருள் கேட்டறிந்த பிறகே எடுக்க வேண்டும். தொழுகை நேரத்தில் காதில் கருவி இருக்கக்கூடாது. முதலாவதைக் கேட்டுச் சற்று யோசித்தார். தாம் வைத்திருக்கும் பாடல்களில் பாதி போய்விடும் என்றார். "போகட்டும்" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, ஹஜ்ரத்" என்றார். இசையை அவர் முற்றாக விட வேண்டும் என்றே நான் இன்னமும் துஆச் செய்கிறேன். அதை அவரிடமும் மறைக்கவில்லை.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகக் கூட்டம் நடைபெறுகிறது. அவரை மீண்டும் லுஹர் பாங்குக்கு அழைக்க வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்து வடிவில், என் கையொப்பத்துடன் கொடுக்கவிருக்கிறேன். சென்ற முறை மௌனமாயிருந்த இன்னும் இருவர் கையொப்பமிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மஹல்லாவைச் சேர்ந்த வேறு எவரேனும் இதைப் படித்தால், வியாழன் இஷாவுக்குப் பிறகு நான் மக்தபில்தான் இருப்பேன்.

வஸ்ஸலாம்.