‘சாருக்கு சம்பளம் பத்தலையா?’ - ஸ்டிரைக் வந்தாலே விழுப்புரம், திண்டிவனத்தில் கிளம்பும் கேள்வி

விழுப்புரம்:

“மாசக் கடைசியில பேங்க்ல சம்பளம் விழுந்துடுது. அப்புறம் என்னத்துக்கு ஸ்டிரைக்கு?”

விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்து டீக்கடையானாலும் சரி, திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கும் இடமானாலும் சரி. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்று பேப்பரில் செய்தி வந்தால் முதலில் கிளம்பும் பேச்சு இதுதான்.

2003-ம் ஆண்டும் இதே பேச்சு. 2017-லும் இதே பேச்சு. 2019-லும் இதே பேச்சு. ஆட்சிகள் மாறின, முதல்-அமைச்சர்கள் மாறினார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. மீதிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

ஒரு வருஷமும் ஒரு மாதமும்

முதலில் பொதுமக்கள் பக்கத்துக் கணக்கு.

100 நாள் வேலைக்கு தமிழ்நாட்டில் 2025-26-ம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு முழுசாக 100 நாளும் வேலை கிடைத்தால்கூட வருஷத்துக்கு 33 ஆயிரத்து 600 ரூபாய்தான்.

புதிதாக வேலைக்குச் சேரும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை சம்பளம் 20 ஆயிரத்து 600 ரூபாய். 2025-ம் ஆண்டு ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 32 ஆயிரத்து 548 ரூபாய்.

அதாவது ஏரி வேலை, வாய்க்கால் வேலை என்று ஒரு குடும்பம் வருஷம் பூராவும் சம்பாதிக்கும் 100 நாள் கூலியும், பள்ளிக்கூடத்தில் நேற்று சேர்ந்த ஆசிரியரின் ஒரு மாத சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. பட்டதாரி ஆசிரியர் என்றால் அடிப்படை சம்பளமே 36 ஆயிரத்து 400-ல் ஆரம்பிக்கிறது.

கரும்பு வெட்டப் போகிறவர், மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர், சித்தாள் வேலைக்கு விடியற்காலையில் பஸ் பிடிக்கிறவர் இதைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்க முடியுமா? மழை பெய்தால் இவர்களுக்கு வேலை இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் கூலி இல்லை. லீவு போட்டாலும் சம்பளம் வருகிற ஒருவர் “இன்னும் வேண்டும்” என்று ரோட்டில் உட்கார்ந்தால் கோபம் வரத்தான் செய்யும்.

பள்ளிக்கூடத்துக்கு பூட்டு

சம்பளம் மட்டும் காரணம் அல்ல. ஸ்டிரைக் நேராக வந்து விழுவது இவர்கள் தலையில்தான்.

கிராமத்து ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளிகளில் பல, இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிகள். ஒருவர் போராட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பையும் இன்னொருவர் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு பேருமே போய்விட்டால் கதவுக்கு பூட்டுதான்.

பள்ளிக்கூடம் பூட்டினால் படிப்பு மட்டும் போகவில்லை. மதிய சாப்பாடும் போகிறது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் அரசு தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் காலை உணவும் உண்டு. பூட்டு விழுந்தால் அதுவும் கேள்விக்குறி.

சின்னப் பிள்ளையை வீட்டில் தனியே விட முடியாது. அம்மாவோ பாட்டியோ வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். ஆசிரியர் ஸ்டிரைக் செய்கிற அன்றைக்கு கூலியை இழப்பது அந்த அம்மாவும்தான்.

வசதி உள்ளவர் வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளி வேனில் வழக்கம்போல் போய்விடுகிறது. அரசுப் பள்ளியை நம்பி இருப்பது கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். “அவங்க புள்ளைங்களும் இங்கயே படிச்சா இப்படி பூட்டிட்டு போவாங்களா?” என்று ஜனங்கள் கேட்பது அதனால்தான். 

2003-ல் நடந்தது என்ன?

இந்தக் கோபத்தை நம்பி ஒரு அரசு என்ன செய்தது, கடைசியில் என்ன ஆனது என்பதற்கு 2003-ம் ஆண்டு சம்பவமே சாட்சி.

அப்போது ஜெயலலிதா முதல்-அமைச்சர். பென்ஷன் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2-ந்தேதி ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். அரசு எஸ்மா சட்டத்தை எடுத்தது. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரே அடியாக டிஸ்மிஸ் செய்யப்பட்டனர். வீடு புகுந்து கைது நடந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. ஆகஸ்டு 6-ந்தேதி வந்த தீர்ப்பில், ஸ்டிரைக் செய்ய அரசு ஊழியர்களுக்கு சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகப்படியும் உரிமை இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இனி ஸ்டிரைக் செய்ய மாட்டோம் என்று எழுதிக்கொடுத்து மன்னிப்பு கேட்ட பிறகே பெரும்பாலானவர்கள் மீண்டும் வேலைக்குப் போனார்கள்.

அந்த நேரத்தில் “நல்லா வேணும்” என்று சொன்னவர்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு.

ஆனால் அடுத்த வருஷமே காட்சி மாறியது. 2004 பாராளுமன்ற தேர்தலில் தமிழ்நாட்டில் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. அன்றைக்கு திண்டிவனம் பெயரிலேயே பாராளுமன்ற தொகுதி இருந்தது. அங்கும் தி.மு.க. கூட்டணியில் நின்ற பா.ம.க.வே ஜெயித்தது. தோல்விக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனாலும் ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை ஜெயலலிதா வாபஸ் வாங்கினார்.

டீக்கடையில் கேட்கும் கோபத்தை நம்பி மட்டும் அரசியல் செய்ய முடியாது என்பது அன்று தெரிந்தது. ஊருக்கு ஊர் ஒரு வாத்தியார் இருக்கிறார். அவர் யாரோ ஒருவருக்கு மாமா, யாரோ ஒருவருக்கு மச்சான்.

7 ஆயிரத்து 500 ரூபாய்க்கு வரிசை

இன்னொரு பெரிய ஸ்டிரைக் 2019-ம் ஆண்டு ஜனவரி 22-ந்தேதி தொடங்கியது. பழைய பென்ஷன், இடைநிலை ஆசிரியர் சம்பள முரண்பாடு, 21 மாத நிலுவைத்தொகை என்று 9 கோரிக்கைகளுடன் ஜாக்டோ-ஜியோ இறங்கியது. முதல்-அமைச்சராக இருந்தவர் எடப்பாடி பழனிசாமி.

10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு பொதுத்தேர்வுக்கு சில வாரங்களே இருந்த நேரம் அது. பெற்றோர் கோபம் உச்சத்துக்குப் போனது. மாநிலம் பூராவும் மறியல், கைது, சஸ்பெண்டு. ஜனவரி 30-ந்தேதி ஸ்டிரைக் முடிந்தது. கேட்டது எதுவும் கையில் வரவில்லை.

அந்த ஸ்டிரைக்கில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. போராடுகிறவர்களுக்கு பதிலாக மாதம் 7 ஆயிரத்து 500 ரூபாய்க்கு தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பிறகு அது 10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. உடனே மாநிலம் முழுவதும் பி.எட்., டீச்சர் டிரெயினிங் முடித்தவர்கள் கையில் சர்டிபிகேட்டுடன் மனு கொடுக்க கூடிவிட்டார்கள்.

அவர்கள் யார்? ஸ்டிரைக்கை திட்டிய அதே குடும்பங்களின் பிள்ளைகள்தான். கடன் வாங்கி பி.எட். படிக்க வைத்த மகள், டெட் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் காத்திருக்கும் மருமகள்.

2024-ம் ஆண்டு 2 ஆயிரத்து 768 இடைநிலை ஆசிரியர் பணியிடங்களுக்கு நடந்த தேர்வை எழுதியவர்கள் 25 ஆயிரம் பேருக்கு மேல். ஒரு இடத்துக்கு ஒன்பது பேர். அதுவும் டெட் பாஸ் செய்தவர்கள் மட்டும்.

இங்கேதான் உண்மையான காரணம் இருக்கிறது. வாத்தியார் சம்பளம் ஜாஸ்தி என்று சொல்கிற யாரும் அந்த வேலை வேண்டாம் என்று சொல்வதில்லை. கோபம் அந்த சம்பளத்தின் மேல் மட்டும் இல்லை. அந்த வேலை தன் வீட்டுக்கு வரவில்லையே என்பதில்தான் பாதி கோபம்.

ஒரே பள்ளிக்கூடம், நாலு விதமான சம்பளம்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘அரசு சம்பளம்’ என்றாலே கொழுத்த சம்பளம் என்று நினைப்பது சரி அல்ல.

ஒரே வகுப்பறையில், ஒரே பாடம் நடத்தும் இரண்டு இடைநிலை ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ம் ஆண்டு மே 31-ந்தேதிக்குள் சேர்ந்தவருக்கு அப்போது அடிப்படை சம்பளம் 8 ஆயிரத்து 370 ரூபாய். மறுநாள், ஜூன் 1-ந்தேதி சேர்ந்தவருக்கு 5 ஆயிரத்து 200 ரூபாய். ஒரு நாள் வித்தியாசத்தில் 3 ஆயிரத்து 170 ரூபாய் போய்விட்டது. அது வருஷா வருஷம் பெருகி பெரிய பள்ளமாகிவிட்டது. “சம வேலைக்கு சம ஊதியம்” என்று அவர்கள் கேட்பது இதைத்தான்.

அதே பள்ளியில் ஓவியம், தையல், கம்ப்யூட்டர், விளையாட்டு சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர் 2012-ல் 5 ஆயிரம் ரூபாய்க்கு சேர்ந்தவர். 2024-ல்தான் அவர் சம்பளம் 12 ஆயிரத்து 500-ஐ எட்டியது. அதுவும் நிரந்தர வேலை கிடையாது.

சமையல் கூடத்தில் நிற்கும் அம்மாவுக்கு என்ன சம்பளம்? 8 ஆயிரத்து 997 சத்துணவு சமையல் உதவியாளர்களை எடுக்க 2024-ம் ஆண்டு டிசம்பரில் உத்தரவு வந்தது. முதல் ஒரு வருஷத்துக்கு தொகுப்பூதியம் மாதம் 3 ஆயிரம் ரூபாய். நாள் கணக்கு போட்டால் 100 ரூபாய். 100 நாள் வேலைக்குப் போனால்கூட இதைவிட மூன்று மடங்கு கூலி.

இவரும் அரசு ஊதியம் வாங்குகிறவர்தான். அடுத்த தடவை “அரசு சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன குறைச்சல்” என்று சொல்லும்போது இந்த அம்மாவையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பென்ஷன் தகராறு

ஸ்டிரைக்குகளில் பெரிய சண்டை பென்ஷனுக்காகத்தான். 2003-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் சேர்ந்தவர்களுக்கு பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, ரிட்டயர் ஆகும்போது மொத்தமாகக் கொடுக்கும் பங்களிப்பு திட்டம்தான் இருந்தது. மாதாமாதம் பென்ஷன் என்பது இல்லாமல் இருந்தது.

“எங்களுக்கு மட்டும் யார் பென்ஷன் குடுக்கறா?” என்று கூலித்தொழிலாளி கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது.

அரசு தரப்பிலும் கஷ்டம் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் சம்பளத்துக்கு சுமார் 90 ஆயிரம் கோடி, பென்ஷனுக்கு சுமார் 41 ஆயிரம் கோடி ஒதுக்கப்பட்டது. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் கோடி என்று மதிப்பிடப்பட்டது. நூறு ரூபாய் வரி வந்தால் அதில் 60 ரூபாய் அளவுக்கு இந்த இரண்டுக்கே. அந்த வரியில் சோப்பு, பெட்ரோல், டாஸ்மாக் என்று கூலிக்காரர் கட்டியதும் இருக்கிறது.

2026-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி, முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதிய திட்டத்தை அறிவித்தார். கடைசி அடிப்படை சம்பளத்தில் பாதி பென்ஷன், அதற்கு ஊழியர் பங்காக 10 சதவீதம் பிடித்தம் என்பது திட்டம். ஜனவரி 6-ந்தேதி தொடங்க இருந்த ஸ்டிரைக்கை ஜாக்டோ-ஜியோ கைவிட்டது. பட்டாசும் வெடித்தது, ஸ்வீட்டும் வந்தது.

அதே ஜனவரியில் சென்னையில் இடைநிலை ஆசிரியர்களும் பகுதிநேர ஆசிரியர்களும் ரோட்டில்தான் நின்றார்கள்.

யாருக்கு யார் துணை?

ஸ்டிரைக்குகளில் ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான். கோரிக்கை பட்டியலில் சத்துணவு, அங்கன்வாடி ஊழியர் பெயர் இருக்கும். கூட்டம் சேர்க்க அவர்களும் வேண்டும். பேச்சுவார்த்தை முடியும்போது மேலே இருக்கிறவர்களுக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். கீழே இருப்பவர் அடுத்த போராட்டத்துக்கு காத்திருப்பார்.

பொதுமக்கள் ஆதரவு வேண்டும் என்றால் ஆசிரியர் சங்கங்கள் இதை மாற்ற வேண்டும். 3 ஆயிரம் ரூபாய்க்காரரை பட்டியலில் முதலில் வைக்க வேண்டும். கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, “இதுக்காகத்தான் போறோம், விட்டுப்போன பாடத்தை சனிக்கிழமை வந்து நடத்துறோம்” என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளையையும் அரசுப் பள்ளியில் சேர்த்தால் பாதிப் பேச்சு தானாக அடங்கும்.

பொதுமக்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். சார் சம்பளத்தை குறைத்தால் கூலி கூடிவிடுமா? 2003-க்கு பிறகு இடைநிலை ஆசிரியர்களை 3 ஆயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2006-ம் ஆண்டு ஜூன் மாதம்தான் அவர்கள் காலமுறை சம்பளத்துக்கு வந்தார்கள். அந்த வருஷங்களில் சித்தாள் கூலியை யாராவது அதனால் உயர்த்திக் கொடுத்தார்களா?

அரசே 3 ஆயிரத்துக்கும் 10 ஆயிரத்துக்கும் ஆள் எடுக்கும்போது, தனியார் பள்ளி முதலாளி பி.எட். படித்த பெண்ணுக்கு அதைவிட அதிகம் ஏன் கொடுக்கப் போகிறார்? நாளைக்கு அந்த சம்பளத்துக்குப் போய் நிற்கப் போவது வேறு யாரும் இல்லை. மூட்டை தூக்கி, கரும்பு வெட்டி படிக்க வைத்த நம் வீட்டுப் பெண்தான்.