மரதனுக்கு முந்திய நாட்கள்

"மாமா, முழங்காலுக்குள்ளை ஏதோ செய்யுது. இண்டைக்கு ஒருக்கா முப்பது கிலோமீற்றர் ஓடிப் பார்க்கட்டோ?" என்று எனது மருமகன் தொலைபேசியில் கேட்டபோது, அவன் பங்குபற்றவிருந்த மரதன் ஓட்டத்துக்கு ஒன்பது நாட்களே இருந்தன. நான்கு மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவன் அவன். "ஓடாதை, போய்ப் படு" என்றேன். பத்திரிகையாளனான மாமாவிடமிருந்து ஊக்க வார்த்தைகளை எதிர்பார்த்திருப்பான் போலும்; குரல் சற்றே வாடிவிட்டது.

ஊக்க வார்த்தைகளில் எனக்கு நம்பிக்கை குறைந்து நெடுங்காலமாகிறது. 'மனமுண்டானால் இடமுண்டு' என்ற பாணியில் விளையாட்டுப் பக்கத்துக்கு நானும் நிறையவே எழுதியிருக்கிறேன். ஆனால், கடினமான ஓட்டம் ஒன்றின் பயன் உடலில் தெரியவருவதற்குப் பத்து நாட்கள் முதல் இரு வாரங்கள் வரை செல்லும். அதற்குப் பிந்தி ஓடுகின்ற நீண்ட ஓட்டம் களைப்பையே மிச்சம் வைக்கும். இதனாற்றான் பயிற்றுநர்கள் இறுதி இரண்டு மூன்று வாரங்களில் ஓடும் தூரத்தைப் படிப்படியாகப் பாதியளவுக்குக் குறைக்கிறார்கள். வேகத்தை மட்டும் முற்றாகக் கைவிடுவதில்லை. தசைகள் ஆறி, அவற்றில் கிளைக்கோஜன் நிறைகின்ற காலம் அது. சோறும் நித்திரையுமே அந்நாட்களின் பெரும்பகுதிப் பயிற்சி.

விசித்திரம் என்னவெனில், இந்த ஓய்வு நாட்களிலேதான் ஓட்டக்காரனை ஐயம் பிடித்துக்கொள்கிறது. நாளாந்தம் களைத்து உறங்கிய உடல் சும்மா இருக்கையில் ஒவ்வொரு சிறு நோவும் பெரிதாகத் தெரிகிறது. மருமகனிடம் அவனது பயிற்சிக் குறிப்பேட்டை முதற் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். ஓட்டநடையையே மாற்றுகின்ற நோவென்றால் வைத்தியரிடம் போ என்றும் சொன்னேன். மூன்றாம் நாள் நோ போய்விட்டதாம். இப்போது தடிமன் வந்துவிடுமோ என்று பயப்படுகிறான்!

எதியோப்பிய வீரர் அபேபே பிகிலாவின் கதையை நாங்கள் பெரும்பாலும் பிழையாகவே எழுதி வந்திருக்கிறோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வென்றதை வீரசாகசம் என்கிறோம். புதுச் சப்பாத்து அவரது காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலுடன் ஓடுவதோ பயிற்சியிற் பழகிய விடயம். பழகாததை விட்டுப் பழகியதைத் தெரிந்துகொண்டார், அவ்வளவே. 1964 டோக்கியோவில், போட்டிக்கு ஐந்தாறு வாரங்கள் முன்னர் குடல்வளரியை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகியிருந்தும் மீண்டும் வென்றார். ஆண்டுக்கணக்கான பயிற்சி அவருக்குப் பின்னால் இருந்தது. 1968 மெக்சிக்கோவில் காயமுற்ற காலுடன் ஓடத் தொடங்கியவர், ஏறத்தாழ 17 கிலோமீற்றரில் விலகிக்கொண்டார். அவரது நாட்டவரான மாமோ வோல்டே வென்றார். பிகிலாவுக்குத் தன்னம்பிக்கை குறைந்திருக்கும் என்று எவர் சொல்வார்? கால் இடங்கொடுக்கவில்லை.

இதனை எழுதத் தூண்டியது மருமகன் மாத்திரமல்ல. எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளையொட்டி 'மரதன்' நடக்கிறது. தூரம் சில கிலோமீற்றர்களே. ஆயினும் மாசி, பங்குனி வெயில். பல இடங்களில் சில நாட்களுக்கு முன்னர்தான் பெயர் எடுக்கிறார்கள். பயிற்சியே இல்லாத பிள்ளைக்கு, இல்லத்தின் புள்ளிக்காக, "உன்னாலை முடியும்" என்று தைரியம் ஊட்டுகிறார்கள். வெயிலில் ஓடுவதற்கு உடல் பழகுவதற்கே பத்துப் பதினான்கு நாட்கள் வேண்டும். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அச்சம்பவத்துக்குத் தீர்ப்பெழுத நான் முற்படவில்லை. ஆனால், அதன் பின்னரும் பயிற்சியற்ற பிள்ளைகளை வீதிக்கு அனுப்புவோமாயின் நாம் எதையும் படிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

பெயர் எடுப்பதை முந்திய தவணையிலேயே செய்யலாம். ஓட்டத்தை விடியற்காலையில் வைக்கலாம். பெயர் கொடுக்க வருகின்ற பிள்ளையிடம், கடந்த ஆறு வாரங்களில் எத்தனை நாட்கள் ஓடினாய் என்று ஆசிரியர் கேட்கட்டும். ஒரு நாளும் இல்லை என்றால், இவ்வருடம் வீதியோரத்தில் நின்று தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைக்கலாம்.