பாடியவர் பெயரில் பாக்கி!

நியூயார்க் நகரிலே ஒரு வீடு இருந்தது. செங்கல் அடுக்கி எழுப்பிய வீடல்ல. ஒரு பெண்ணின் குரலால் எழுந்த வீடு. 'ரூத் கட்டிய வீடு' என்றே அதற்குப் பெயர். பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் புகழால் எழுந்த யாங்கி மைதானத்துக்கு முன்பு இட்ட பட்டப்பெயர் அது. அதையே எடுத்து இந்த வீட்டுக்கும் சூட்டினார்கள். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்னும் இசைத்தட்டுக் கம்பெனிதான் அந்த வீடு. கட்டியவர் ரூத் பிரவுன் அம்மையார், கறுப்பினப் பாடகி.

1967-ஆம் ஆண்டிலே அந்த வீடு விலை போயிற்று. வாங்கியது வார்னர் கம்பெனி. விலை 1 கோடியே 75 லட்சம் டாலர்! விற்றவர்கள் கை குலுக்கினார்கள். வாங்கியவர்கள் விருந்து வைத்தார்கள் என்றே வைத்துக் கொள்வோம். வீட்டைக் கட்டியவர் எங்கே? அந்த ஆண்டுகளிலே அவர் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக் கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக் கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே!

குரல் கெட்டுப் போயிற்றா? இல்லை. குடித்துக் கூத்தாடிக் காசைக் கரைத்தாரா? அதுவும் இல்லை. பிறகு எப்படி நேர்ந்தது இந்த நிலை? அதைத்தான் தோழர்களே, கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். கூலிச் சீட்டிலே 'பிடித்தம்' என்ற சொல்லைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கதை எளிதிலே விளங்கும்.

ரூத் அம்மையார் 1928-இல் வர்ஜீனியா மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் பிறந்தவர். தகப்பனார் கப்பல் துறையிலே மூட்டை சுமந்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாதா கோவில் பாடகர் குழுவை நடத்துபவர். கோடையிலே பாட்டியின் நிலத்தில் பருத்தி பறிக்கும் வேலை பிள்ளைகளுக்கு. 'புளூஸ்' என்னும் துயரப்பாட்டு அந்த வீட்டிலே விலக்கப்பட்ட கனி. மகளோ ஒளிந்து ஒளிந்து போர்வீரர் விடுதிகளிலே பாடினார். 1945-இல் ஓர் எக்காளக் கலைஞரோடு வீட்டை விட்டே கிளம்பி விட்டார். ஒரு இசைக்குழு சேர்த்துக் கொண்டு, ஒரே மாதத்தில், வாஷிங்டன் நகரிலே நடுத்தெருவில் விட்டது. பிளான்ச் காலோவே என்ற கலைஞர் கைகொடுத்து ஒரு விடுதியிலே பாட இடம் வாங்கித் தந்தார். அங்கே கேட்டவர்கள் அட்லாண்டிக் கம்பெனிக்குச் செய்தி சொன்னார்கள். கம்பெனி அப்போதுதான் 1947-இல் பிறந்த குழந்தை. துருக்கித் தூதுவரின் மகன் அஹ்மத் எர்டிகன், பல் மருத்துவர் ஒருவரிடம் 10 ஆயிரம் டாலர் கடன் வாங்கி, கூட்டாளி ஒருவரோடு தொடங்கியது.

1948 அக்டோபரிலே நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்ட கார், பென்சில்வேனியாவில் செஸ்டர் என்ற ஊரிலே விபத்துக்கு உள்ளாயிற்று. கால்கள் இரண்டும் பலமாகப் பழுதுபட்டன. மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டில். அந்தக் கட்டிலிலே படுத்தபடிதான் கம்பெனியின் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். 21-ஆவது பிறந்த நாளன்று எர்டிகன் நேரிலே வந்து, இசைக்குறிப்புப் படிக்கக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றைப் பரிசளித்தார். நல்ல மனிதர்தான். நாம் மறுக்கவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த பெண்ணைக் கைவிடாதவர். கறுப்பினக் கலையை உள்ளம் உருகி நேசித்தவர். இதை இங்கே சொல்லி வைக்கிறோம், பின்னால் தேவைப்படும்.

கட்டிலை விட்டு எழுந்து ஊன்றுகோலோடு வந்தவர் 1949-இல் 'சோ லாங்' பாடினார், விற்றது. 1950-இல் 'டியர்டிராப்ஸ் ஃபிரம் மை ஐஸ்' பாடினார். கறுப்பின இசைப் பட்டியலில் 11 வாரம் முதலிடம்! 1949 முதல் 1955 வரை அவருடைய தட்டுகள் பட்டியலில் நின்ற வாரங்களைக் கூட்டினால் 149. ஐந்து தட்டுகள் முதலிடம். புதுக் கம்பெனிக்குச் சோறு போட்ட குரல் அது.

அந்தப் பட்டியலின் பெயரும் ஒரு கதை. 'பில்போர்டு' என்ற இசை வணிக ஏடு, 1949 ஜூன் வரை அதற்கு 'இன இசைத்தட்டுகள்' என்றே தலைப்பிட்டது. பிறகுதான் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியது, கயிறு மாறவில்லை. எந்தக் கயிறு? தென் மாநிலங்களிலே கச்சேரி நடக்கும் மண்டபத்தின் நடுவே கட்டிய கயிறு. இந்தப் பக்கம் வெள்ளையர், அந்தப் பக்கம் கறுப்பர். பாட்டு மட்டும் கயிற்றைத் தாண்டிப் போயிற்று. பாடியவர் பசியோடு வந்தால் அந்த ஊர் உணவு விடுதியிலே உட்கார இடமில்லை.

இன்னொரு கூத்து கேளுங்கள். 1954-இல் ரூத் 'ஓ வாட் எ டிரீம்' பாடினார். அதே பாட்டை வெள்ளைப் பாடகி பாட்டி பேஜ் பாடினார். 'மாம்போ பேபி' பாடினார் ரூத். ஜார்ஜியா கிப்ஸ் என்ற இன்னொரு வெள்ளைப் பாடகியும் பாடினார். கறுப்பரின் தட்டைத் தொடாத வானொலி நிலையங்களிலும் வெள்ளையரின் தட்டு ஒலிக்கும். பாட்டு எழுதியவருக்கு இரண்டிலும் பங்கு உண்டு. அதற்குச் சட்டம் இருக்கிறது. பாட்டுக்கு உயிர் கொடுத்த குரலுக்கு? ஒரு சல்லி இல்லை. அதே கம்பெனியிலே பாடிய லாவர்ன் பேக்கர் அம்மையார் 1955-இல், என் பாட்டை அச்சு அசலாகக் களவாடுகிறார்களே என்று நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்கு எழுதினார். எழுதியதோடு சரி. சட்டம் அசையவில்லை.

சரி, சொந்தத் தட்டு விற்றதே, அந்தப் பங்காவது வந்திருக்க வேண்டுமே? இங்கேதான் வருகிறது பிடித்தம்!

பாடுவதற்குச் சிறு முன்பணம் தருவார்கள். தட்டு விற்றால் விற்பனையில் ஒரு சிறு பங்கு பாடகர் பெயரில் ஏறும். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை, வாத்தியக்காரர் கூலி எல்லாம் அந்தப் பங்கிலிருந்தே கழியும். கழிந்தது போக மீதி இருந்தால்தான் கையிலே காசு. மீதி இருக்கிறதா என்று யார் சொல்வது? கம்பெனிக் கணக்கர் சொல்வார். கணக்குப் புத்தகம் எங்கே? கம்பெனி அலமாரியில்! நெய்தவனே நூலுக்கும் தறிக்கும் காசு கொடுத்து, துணியையும் முதலாளியிடம் விட்டுவிட்டு, கடைசியில் கடன்காரன் ஆகிற கணக்கு இது. துணியாவது ஒரு முறைதான் விற்கும். இசைத்தட்டோ ஆண்டுக்கு ஆண்டு அச்சாகும். மூலப்பதிவு கம்பெனியின் சொத்து.

ரே சார்லஸ் விழித்துக் கொண்டார். 1959-இல் அட்லாண்டிக்கை விட்டு வேறு கம்பெனிக்குப் போனபோது, மூலப்பதிவு எனக்கே சொந்தம் என்று எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திட்டார். எல்லோருக்கும் அந்தப் பேரம் வாய்க்குமா? 1960-களின் தொடக்கத்தில் ரூத் அம்மையார் அட்லாண்டிக்கை விட்டு வெளியேறினார். பிறகுதான் துடைப்பமும் பேருந்துச் சக்கரமும்.

1970-களின் நடுவிலே நகைச்சுவை நடிகர் ரெட் ஃபாக்ஸ் தேடி வந்து மேடை ஏற்றினார். மெல்ல மெல்லப் பாட்டு திரும்பியது. 1980-களிலே ஒரு நாள், ஹோவெல் பெகில் என்ற வாஷிங்டன் வழக்கறிஞர், இளமையிலே கேட்டு மயங்கிய தட்டுகளை நல்ல விலை கொடுத்து வாங்கி, கையெழுத்துக் கேட்டு அவர் முன்னே நீட்டினார். இவ்வளவு விலையா என்று வியந்த அம்மையார், இதிலே எனக்கு ஒரு காசும் வருவதில்லை என்றார். வழக்கறிஞர் திடுக்கிட்டார். கட்டணம் வாங்காமல் வழக்கைக் கையில் எடுத்தார். கம்பெனியைக் கேட்டால் என்ன பதில் வந்தது தெரியுமா? கணக்குப்படி ரூத் பிரவுன்தான் எங்களுக்குப் பாக்கி!

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். எர்டிகன் நல்லவராயிற்றே, மருத்துவமனைக்கு வந்தாரே, புத்தகம் தந்தாரே, நன்றி வேண்டாமா என்பார்கள். வேண்டும். நன்றியை அம்மையாரும் மறந்தவரல்லர். ஆனால் பிறந்த நாள் பரிசு வேறு, உழைத்த கூலி வேறு. பரிசுக்கு நன்றி சொல்லலாம். கூலிக்குக் கணக்குக் கேட்க வேண்டும். நல்ல முதலாளியிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மையே நம்ப வைப்பதுதான் பழைய தந்திரம்.

அம்மையார் கேட்டார். தமக்காக மட்டும் கேட்கவில்லை; தம்மைப் போல் பாடிப் பாடி ஓய்ந்த பழைய தோழர்களுக்கும் சேர்த்துக் கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னே சாட்சி சொன்னார். பத்திரிகைகள் எழுதின. 1988-இல், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 40-ஆம் ஆண்டு விழாக் கொண்டாடிய வேளையில், கம்பெனி இறங்கி வந்தது. பழைய செலவுக் கணக்கைத் தள்ளுபடி செய்தது. அவருக்கும் வேறு பல கலைஞர்களுக்கும் விட்டுப்போன ஆண்டுகளின் பங்கைத் தர இசைந்தது. ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை என்ற அமைப்புக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் அளித்தது. நோயுற்று நொடித்த கலைஞர்களுக்கு உதவும் அமைப்பு அது.

முழு வெற்றி என்று நாம் முரசு கொட்ட மாட்டோம். அறக்கட்டளையின் கையிலிருந்து உதவியாக வருவது, உரிய நாளில் கூலியாக வந்திருக்க வேண்டிய பணம். பிக் ஜோ டர்னர் என்ற பெரும் பாடகர் 1985-லேயே மறைந்து விட்டார். அவருக்குத் தள்ளுபடியால் என்ன பயன்?

ரூத் அம்மையார் மட்டும் இருந்து பார்த்தார். 1989-இல் 'பிளாக் அண்ட் புளூ' நாடகத்துக்கு டோனி விருது; 1993-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம். 2006 நவம்பர் 17-ஆம் நாள், 78 வயதிலே மறைந்தார்.

அமெரிக்காவிலே இன்றைக்கும் ஒரு சாதாரண வானொலி நிலையம் 'டியர்டிராப்ஸ்' பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவரின் வாரிசுக்குக் காசு போகும். பாடியவரின் வாரிசுக்கு ஒன்றும் போகாது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.