உலகக் கோப்பையை வீட்டில் பார்ப்போம், கடையில் வேண்டாம்

கால்பந்து உலகக் கோப்பை என்றால் நம் கடைவீதியில் சிலர் சிரிக்கிறார்கள். "இந்தியா ஒருமுறைகூட ஆடாத போட்டி, அதற்கு நாம் ஏன் அண்ணாச்சி கண் விழிக்க வேண்டும்?" என்று சங்க அலுவலகத்திலேயே ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளும், நம் கடையில் வேலை பார்க்கும் பையன்களும் நம்மைக் கேட்டுக்கொண்டா கண் விழிக்கிறார்கள்? நாம் ஒழுங்கு செய்து கொடுக்காவிட்டால், அவர்கள் சாக்கு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து கைபேசியில் பார்ப்பார்கள். ஆகவே பார்க்கக் கூடாது என்று சொல்வதை விட்டுவிட்டு, எப்படிப் பார்ப்பது என்பதைப் பேசுவதே வியாபாரிக்கு அழகு.

நான் முதலில் பார்த்தது 1986இல், மெக்சிகோவில் நடந்த போட்டி. எங்கள் தெருவில் அப்போது ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி. இறுதி ஆட்டம் நம் ஊர் நேரப்படி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கியது. அர்ஜென்டினா 3, மேற்கு ஜெர்மனி 2. மரடோனா என்ற பெயரை அன்றுதான் என் தகப்பனார் கேள்விப்பட்டார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு என்னைக் கடை திறக்க எழுப்பியவரும் அவரேதான். அதில் சலுகை எதுவும் இல்லை.

இந்தப் போட்டியில் நமக்குள்ள சிக்கலே நேரம்தான். எந்த நாட்டில் நடக்கிறதோ அதைப் பொறுத்து நம் பிழைப்பு மாறுகிறது. 2002இல் ஜப்பானிலும் தென் கொரியாவிலும் நடந்தபோது நமக்குப் பகல் 12 மணி, பிற்பகல் 2.30, மாலை 5 மணி என்று ஆட்டங்கள் வந்தன. தூக்கம் கெடவில்லை, வியாபாரம் கெட்டது. எங்கள் மண்டியில் கல்லாவுக்கு எதிரே ஒரு சிறு பெட்டியை வைத்தேன். ஒரே வாரத்தில் துவரம் பருப்பு கேட்டவருக்குக் கடலைப் பருப்பு மூட்டைகள் வண்டி ஏறிப் போய்விட்டன. போகவர வண்டி வாடகை என் கையைக் கடித்தது. அன்றைக்கே பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கடையில் எந்தத் திரையும் வேண்டாம் என்று நான் சொல்வது அந்த அனுபவத்தால்தான்.

2022இல் கத்தாரில் நடந்தது நமக்கு ஓரளவு வசதி. இறுதி ஆட்டம் டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.30 மணி. கடை அடைத்துவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, குடும்பத்தோடு உட்கார முடிந்தது. மூன்றுக்கு மூன்று என்று நின்று, பெனால்டியில் அர்ஜென்டினா நான்குக்கு இரண்டு என்று பிரான்சை வென்றது. என் வீட்டம்மாள் அதுவரை பந்தாட்டம் பார்த்ததே இல்லை. அன்று எம்பாப்பே மூன்றாவது கோல் போட்டபோது அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டார். அந்த மாதம் கோழிக்கோட்டிலிருந்து மிளகு விற்க வந்த வியாபாரி ஒருவர், தங்கள் பக்கத்து ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைத் தாண்டிய கட்-அவுட் வைத்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மிளகு விலையை மட்டும் குறைக்கவில்லை.

2026 போட்டி அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில். 32 அணிகள் என்றிருந்தது 48 ஆகி, 104 ஆட்டங்கள், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாட்கள் என்பது அட்டவணை. தொடக்க ஆட்டம் அதே மெக்சிகோ அஸ்டெகா மைதானத்தில். நம் நேரத்துக்கு அது நள்ளிரவு 12.30. மற்ற ஆட்டங்களில் பலவும் நள்ளிரவு, பின்னிரவு, விடியற்காலை. இதில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர் கடையைப் பூட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நாலைந்து ஆட்டத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, மற்றதைக் காலையில் பத்து நிமிடச் சுருக்கமாகப் பார்த்தால் போதும்.

பார்க்கும் வழியிலும் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒளிபரப்பு உரிமை ஒவ்வொரு போட்டிக்கும் கை மாறுகிறது. சென்ற முறை வந்த சேனலில்தான் வரும் என்று இருந்துவிடாமல் ஒரு வாரம் முன்பே கேபிள்காரரிடம் எந்தச் சேனல், நம் கட்டணத்தில் அது உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலிறுதி, அரையிறுதி, இறுதி ஆட்டங்களைத் தூர்தர்ஷனுக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது 2007இல் வந்த சட்டத்தின்படியான ஏற்பாடு. ஆனால் 2017இல் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிர்ந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தக் கோபுரத்திலும் அதன் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம் என்று தீர்ப்பளித்தது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டுவிட்டு ஆட்டம் வரவில்லையே என்று கேபிள்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது.

இணையம் வழியாகப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. படம் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டு வருவதால் கேபிளைவிடப் பல விநாடிகள் பிந்தி வரும். பக்கத்து வீட்டுக்காரர் "கோல்!" என்று கத்திய பிறகுதான் நம் வீட்டில் ஆட்டக்காரர் பந்தை உதைப்பார். தெருவே சேர்ந்து பார்ப்பதானால் கேபிளோ டிஷ்ஷோதான் நல்லது. இன்வெர்ட்டரில் தொலைக்காட்சியோடு செட்-டாப் பாக்ஸையும் இணைக்க மறக்க வேண்டாம். கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் ஓர் ஆட்டம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். பேட்டரிக்கு அதற்குமுன் தண்ணீர் பார்த்துக்கொள்ளலாம்.

பந்தயம் பற்றி ஒரு வார்த்தை. 2014இல் ஜெர்மனி பிரேசிலை ஏழுக்கு ஒன்று என்று அடித்த இரவில் நம் வீதியில் ஒருவர் கொள்முதல் பணத்தைத் தோற்றார். மறுநாள் அவர் கடையில் சர்க்கரை இல்லை, மூன்றாம் மாதம் கடையே இல்லை. இதற்குமேல் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் உண்மையில் எழுத வந்தது வேறு. 2010 தென் ஆப்பிரிக்கப் போட்டியின் இறுதி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. மண்டிப் பையன்கள் நாலு பேரையும் நானே வீட்டுக்கு வரச்சொன்னேன். மிக்சர், டீ எல்லாம் கொடுத்தேன். 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா கோல் போட்டு ஸ்பெயின் வென்றது. முடிய இரண்டரை மணி ஆயிற்று. நாலு மணிக்கு லாரி வந்தது. நான் வீட்டில் படுத்துவிட்டேன். பையன்கள் கிட்டங்கிக்குப் போனார்கள். அடுக்கின்மேல் நின்று மூட்டை வாங்கிய பையன் கண் அசந்து விழுந்தான். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

வைத்தியச் செலவு முழுவதையும் நான்தான் கொடுத்தேன், மூன்று மாதச் சம்பளமும் கொடுத்தேன். கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு ஆஸ்பத்திரியில் நின்றபோது அவன் தாயார் கேட்டார்: "பார்த்தது நீங்க எல்லாரும்தானே அண்ணாச்சி, அப்புறம் நீங்க தூங்கினீங்க, எம்புள்ளை ஏன் மூட்டைக்குப் போகணும்?" அவர் குரலை உயர்த்திக்கூடப் பேசவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. லாரிக்காரருக்கு ஒரு போன் செய்து ஆறு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். காத்திருப்புக் கூலி என்று சில நூறு ரூபாய் போயிருக்கும். அந்தச் சில நூறு ரூபாய் என் நினைவுக்கே வராமல் போனதுதான் உண்மை.

அந்தப் பையன் இப்போது சொந்தமாகச் சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறான். சரக்கு எங்களிடம்தான் எடுக்கிறான். மழைக்காலத்தில் கை வலிக்கிறது என்பான்.

அதிலிருந்து எங்கள் மண்டியில் ஒரு வழக்கம். இரவு ஆட்டம் பார்க்க யாரையாவது வரச்சொன்னால் மறுநாள் காலை இறக்குக்கூலி வேலை அவர்களுக்குக் கிடையாது. சம்பளம் பிடிப்பதும் கிடையாது. சில்லறைக் கடைக்காரர்கள் அப்படிச் செய்ய முடியாது, பால் பாக்கெட்டுக்கு விடிகாலையிலேயே ஆள் வந்து நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் முதலாளி ஒரு நாள், பையன் ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டால் குறைவது சில்லறைதான்.

2026 இறுதி ஆட்டம் நம் கணக்கில் ஜூலை 20, திங்கட்கிழமை, நள்ளிரவு 12.30. திங்கள் காலை நமக்கு வெளியூர்ச் சரக்கு குவியும் நேரம். அன்று ஒன்பது மணிக்கு முன் எங்கள் கிட்டங்கியில் மூட்டை இறக்குவதில்லை என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன். விருதுநகரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கும் கடிதம் போட்டுவிட்டேன். மற்ற மண்டிக்காரர்களும் இதையே செய்தால் லாரிக்காரர்கள் ஒரே கடைமுன் நின்று முணுமுணுக்க மாட்டார்கள். செயற்குழுவில் இதை வைத்தேன். பேசி முடிவெடுப்போம் என்றார்கள்.