காகிதமும் ஜெபவீடும்

சமயத் துன்புறுத்தல் என்றவுடன் தீயும் குருதியுமே நம் நினைவுக்கு வருகின்றன. 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் எரிக்கப்பட்ட தேவாலயங்களும், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டுக்கு இரையான உயிர்களும் மறக்கத்தக்கவையல்ல. ஆயினும் ஓசையின்றி நிகழும் துன்புறுத்தலும் ஒன்றுண்டு. அதன் கருவி காகிதம்.

2008இல் இலங்கையின் சமய அலுவல்கள் அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது அது. அது பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று. எனினும், முன்பே இயங்கிவந்த சிறு ஜெபவீடுகளையும் மூடச் சொல்வதற்கு அதிகாரிகள் சிலர் அதனைக் கையாண்டனர். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் அளிக்கிறது. 14ஆம் உறுப்புரை தனித்தும் கூடியும் வழிபடும் உரிமையை வழங்குகிறது. அரசியலமைப்பு அளித்ததை அமைச்சின் கடிதம் பறிக்கலாமா?

"இது கிறிஸ்தவர் தொல்லை, நமக்கென்ன?" என்று ஹாலிஎலத் தோட்டங்களில் வாழும் இந்துக்கள் கேட்கலாம். காகிதத்தின் வல்லமையை மலையகத் தமிழரைவிட அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் துளிக் குருதியும் சிந்தாமல் நம் முன்னோரை நாடற்றவராக்கிற்று. "உன் தந்தை இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே?" என்று கேட்டது அது. "ஜெபவீட்டுக்கு அனுமதி எங்கே?" என்பதும் அதே இனத்துக் கேள்வியன்றோ! லயத்தருகே நிற்கும் மாரியம்மன் கோயில்களில் எத்தனைக்கு உறுதிப் பத்திரம் உண்டு? இன்று ஜெபவீட்டைக் கேட்பவன் நாளை கோயிலைக் கேளான் என்பதற்கு உறுதி என்ன?

மதமாற்றத்தில் வஞ்சகம் நிகழ்கிறது என்பர். ஏழையின் நம்பிக்கையைப் பணம் காட்டி வாங்குவோர் கண்டிக்கத்தக்கவரே. வஞ்சித்தவனை வழக்குமன்றில் நிறுத்துக. கும்பிடுபவனின் கதவைப் பூட்டற்க. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது, அதன் சில விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றமே கூறிற்று.

வழிபாட்டிடங்களுக்கு விதி வேண்டுமெனில், அதனைப் பாராளுமன்றத்தில் வைத்து, எல்லாச் சமயத்தார்க்கும் ஒன்றாகச் செய்க. இதனைக் கேட்கும் முதற்குரல் போதகருடையதாக இருத்தல் போதாது. தோட்டத்துக் கோயில் சபையாருடையதாக இருத்தல் வேண்டும். தன் சமயத்துக்காக மட்டும் கேட்பவன் சலுகை கேட்கிறான். அயலான் சமயத்துக்காகவும் கேட்பவனே உரிமை கேட்கிறான்.