சபராளியின் முதுமை யாருடைய பொறுப்பு?



ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் முதியவர் ஒருவர் நம் மதரஸா வாசலில் தயங்கி நின்றார். ஜகாத் பற்றி ஒரு மஸ்அலா கேட்க வேண்டும் என்றார். முப்பது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்தவர். ஒவ்வொரு ரமளானிலும் தம் ஜகாத்தை ஊருக்கு அனுப்பி, யாருக்குக் கொடுக்கலாம் என்று நம்மிடமே கேட்டவர். வழக்கமான கேள்விதான் என எண்ணினோம். "ஹஜ்ரத், இனி நான் ஜகாத் வாங்கலாமா?" என்றார் அவர்.

மூன்று குமர்களைக் கரையேற்றினார், தம்பிக்குக் கடை வைத்துக் கொடுத்தார், வீடு கட்டினார். கையில் எஞ்சியதைச் சிறுநீரக மருத்துவம் தின்றுவிட்டது. குடியிருக்கும் வீடு நிஸாபில் சேராது, தேவையுடையவர் வாங்கலாம் என்று மார்க்கம் சொல்வதை எடுத்துரைத்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. கொடுத்த கையை வாங்கும் கையாக்கியது எது? அவருடைய ஊதாரித்தனம் அன்று. கணக்குப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்பதே உண்மை.

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, அந்நாட்டுக் குடிமக்களுக்கு உள்ளதுபோல் மாத ஓய்வூதியம் இல்லை. கிடைப்பது பணிக்கொடை மட்டுமே. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் ஊதியம். அதுவும் அடிப்படை ஊதியத்தில் மட்டும்; படிகள் சேரா. 2,000 திர்ஹம் அடிப்படை ஊதியத்தில் இருபது ஆண்டுகள் உழைத்தவருக்கு 555 நாள் ஊதியம், அதாவது 37,000 திர்ஹம் வரும். இருபது ஆண்டு உழைப்புக்குப் பதினெட்டரை மாத ஊதியம்! இதைக் கொண்டு எஞ்சிய ஆயுளைக் கழிக்க இயலுமா?

அங்கேயே தங்கிவிடலாம் என்றால், குடியிருப்பு அனுமதி பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டது. 55 வயதைக் கடந்தவர்களுக்குத் துபை தரும் ஓய்வுக்கால விசாவுக்குப் பெரிய சேமிப்போ சொத்தோ நிலையான வருமானமோ காட்ட வேண்டும். கடைச் சிப்பந்திக்கும் ஓட்டுநருக்கும் அது எட்டாக் கனி. ஊர் திரும்பியே ஆக வேண்டும்.

திரும்பும்போது மூன்று வாசல்களைக் கடக்க வேண்டியுள்ளது. முதலாவது வரி. ஒரு நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கினால் வருமான வரிச் சட்டம் அவரைக் குடியிருப்பவராகக் கருதும். நிரந்தரமாகத் திரும்பியதும் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிவிட வேண்டும். முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் வெளிநாடு வாழ்பவராக இருந்தவருக்கு, திரும்பிய பின் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை அங்கிருந்து வரும் வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி இராது. இதை அறியாமல் அஞ்சுவோரும் உண்டு. ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டுப் பின்னர் அறிவிப்பு வந்து திகைப்போரும் உண்டு. கணக்காளரிடம் ஒருமுறை அமர்ந்து கேட்பது மானக்கேடன்று. இன்னொன்றையும் நினைவில் கொள்வோம்: என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு வரியில்லை என்பதால் அது ஹலால் ஆகிவிடாது.

இரண்டாவது மருத்துவம். வேலை போனால் முதலாளி எடுத்த காப்பீடும் போகும். அறுபது வயதில், சர்க்கரை நோயோடு இங்கே புதிதாகக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். வழக்கமான காப்பீட்டின் மார்க்கச் சட்டம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தாம் நம்பும் ஆலிமிடம் அவரவர் கேட்டுத் தெளியட்டும். ஆனால் கேட்பதை ஐம்பது வயதுக்கு முன்பே கேட்கட்டும். கூடாது எனத் தெளிந்தவர் மாதந்தோறும் ஒரு தொகையை மருத்துவத்துக்கென்றே ஒதுக்கி, எந்தத் திருமணத்துக்காகவும் அதைத் தொடாதிருக்கட்டும். 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024இல் அறிவித்தது. அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளுக்கு என்ன செய்வது என்பதே கேள்வி.

மூன்றாவது வஸிய்யத்து. வங்கியில் நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே; அதனாலேயே உரிமையாளராகிவிடமாட்டார். கடனை அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றிய பின் எஞ்சியது வாரிசுகளுக்குரியது. இதை எழுதி வைக்காததால் எத்தனை உடன்பிறப்புகள் இன்று பேசாமல் இருக்கின்றார்கள்!

"ரிஸ்க் அல்லாஹ்விடம் உள்ளது; இவ்வளவு கணக்கு எதற்கு?" என்பார் சிலர். யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு சேமித்துப் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளை எதிர்கொள்ளச் சொன்னார்கள். தம் செல்வம் அனைத்தையும் தர்மம் செய்ய விரும்பிய ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தினார்கள். குடும்பத்தார் பிறரிடம் கையேந்தும் நிலை வரக்கூடாது என்பதே அதன் காரணம். தவக்குல் என்பது கணக்கைக் கைவிடுவதன்று.

குடும்பத்தாரிடமும் ஒரு சொல். சபராளி வற்றாத கிணறு அல்லர். மாடிமேல் மாடி, ஊரே வியக்கும் விருந்து, மார்க்கத்தில் இல்லாத கைக்கூலி என்று நாம் இறைத்த ஒவ்வொரு வாளியும் அவருடைய முதுமையிலிருந்து எடுத்ததே.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியதும் உண்டு. கேரளத்தில் வெளிநாட்டில் உழைப்போர் சந்தா கட்டி, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் பெறும் நலநிதியை அம்மாநிலம் நடத்துகிறது. அதுபோன்ற ஒன்றை நம் அரசிடம் கேட்போம். கேட்பதோடு நில்லாமல், விடுமுறையில் மக்கள் வரும் மாதங்களில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், ஒரு கணக்காளரையும் ஒரு மருத்துவரையும் ஓர் ஆலிமையும் பள்ளிவாசலில் ஒன்றாக அமர்த்துவோம். அதற்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவுதான்.

அந்த முதியவருக்கு ஜமாஅத் உதவியது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் வாங்கும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. உழைத்துக் கொடுத்த எந்தக் கையும் அவ்வாறு தாழாதிருக்க, வல்ல இறைவன் நமக்கு அறிவையும் முன்னெச்சரிக்கையையும் தந்தருள்வானாக. ஆமீன்.