முதிரை அலமாரியும் பாச்சை உருண்டையும்

துணி வைக்க நமக்கு இரும்பு பீரோதான் வசதி. இங்கிலாந்தில் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வசதியான வீடுகளில் சாட்டின்வுட் அலமாரி வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் முதிரை என்கிறார்களே, அதுவும் ஒரு வகை சாட்டின்வுட்தான். முதலில் மேற்கிந்தியத் தீவு மரம். பிறகு இலங்கை, இந்திய மரமும் கப்பலேறிப் போயிற்று. தேன் நிறம், பட்டுத் துணி மாதிரி மினுமினுப்பு. விலை கூடுதல் என்பதால், பெரும்பாலும் வேறு மரத்தில் அலமாரி செய்து, மேலே இதை மெல்லிசாகச் சீவி ஒட்டிவிடுவார்கள். ஈரத்துணியால் துடைத்தாலோ ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலோ பெயர்ந்து வரும்.

ஹெப்பிள்வைட் என்ற தச்சர் 1786-ல் காலமானார். அவருடைய மேஜை, அலமாரிப் படங்களை 1788-ல் புத்தகமாகப் போட்டவர் அவர் மனைவி ஆலிஸ். கெட்டிக்காரி!

என் மகள் பிரசவத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு பழைய சாமான் கடையில் இந்த அலமாரியைப் பார்த்தோம். மேலே கதவுக்குள் இழுக்கிற தட்டுகள், கீழே இழுப்பறைகள். துணி தொங்கவிடக் கம்பியே இல்லை. அந்தக் காலத்தில் மடித்துத்தான் வைப்பார்களாம். பின்னால் வந்தவர்கள் பல அலமாரிகளில் தட்டைப் பிடுங்கிவிட்டுக் கம்பி மாட்டிவிட்டார்கள். எனக்கென்னவோ தட்டுதான் உசத்தி. கனமான ஜரிகைப் புடவையைத் தொங்கவிட்டால் இழுபட்டு நைந்து போகுமே!

இழுப்பறையைத் திறந்ததும் குப்பென்று பாச்சை உருண்டை வாசனை. "குழந்தைத் துணி இதில் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். இளம் தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். நம் ஊரிலும் உண்டு. பார்த்தால் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். நாப்தலின் உருண்டையோடு கிடந்த துணியைப் போட்டால், அந்தக் குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். பச்சைக் குழந்தைக்குக் காமாலை முற்றினால் மூளையையே பாதிக்கும். ஆகவே பாட்டி பத்திரப்படுத்திய சட்டையானாலும் சரி, அப்படியே போட்டுவிடாதீர்கள். குழந்தைத் துணிப் பக்கம் அந்த உருண்டையே வேண்டாம். உடம்போ கண்ணோ மஞ்சளாகி, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

அலமாரி எதுவானாலும் சுவரோடு சேர்த்து முடுக்கிவிடுங்கள். நிற்கப் பழகும் குழந்தை இழுப்பறையைப் படியாக்கி ஏறினால், மொத்தமும் அதன் மேல் சாய்ந்துவிடும். இந்தப் பழைய அலமாரிகளில் மேல்பாதி தனியாகவே உட்கார்ந்திருக்கும். அதையும் தனியாகப் பிணைக்க வேண்டும்.